வாசமில்லாத எண்ணெயைக் குடித்துப் பசியை அடக்கிப் பார்ப்பது எப்படி

எடை குறைக்க எண்ணெய் குடிக்கச் சொன்னால் யாருமே முதலில் நம்ப மாட்டார்கள். ஆனால் முறை அவ்வளவுதான். வாசமே இல்லாத எண்ணெயை ஒன்று அல்லது இரண்டு மேசைக்கரண்டி அளவு தினமும் குடிக்க வேண்டும், அதற்கு முன்னால் ஒரு மணி நேரமும் பின்னால் ஒரு மணி நேரமும் தண்ணீர் தவிர வாயில் எதுவும் படக்கூடாது. இட்லி, சோறு, பரோட்டா எதற்கும் தடை கிடையாது. பசி தானாகத் தணிந்தால் சாப்பாடு தானாகக் குறையும், எடை அதன் பின்னால் இறங்கும் என்பதுதான் கணக்கு. இது எல்லாருக்கும் பலிக்கிற வித்தை இல்லை. ஆனால் ஒழுங்காகச் செய்து பார்த்தால் உங்கள் உடம்புக்குப் பலிக்கிறதா இல்லையா என்பது மூன்று வாரத்தில் தெரிந்துவிடும், செலவு மாதம் ஒரு லிட்டர் எண்ணெய்க்குள் முடிந்துவிடும். முக்கால்வாசிப் பேர் எண்ணெயை மட்டும் பிடித்துக்கொண்டு, அதைச் சுற்றியுள்ள இரண்டு மணி நேரத்தைக் கோட்டை விடுகிறார்கள். இந்த முறையில் வேலை செய்வது அந்த இரண்டு மணி நேரம்தான், அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

இதைக் கொண்டுவந்தவர் சேத் ராபர்ட்ஸ், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்தவர். தூக்கம், மனநிலை, எடை என்று எதை எடுத்தாலும் தன் உடம்பிலேயே சோதித்து, வருடக்கணக்கில் எண்களைக் குறித்து வைத்த மனிதர். 2000-ஆம் ஆண்டு பாரிஸ் போயிருந்தபோது அதுவரை ருசித்தே இராத அந்த ஊர் குளிர்பானங்களைக் குடித்தார், வழக்கமாக எடுக்கிற பசி எடுக்கவில்லை. பழகாத ருசியோடு உள்ளே போன சர்க்கரைதான் பசியை அடக்கியதோ என்று சந்தேகப்பட்டவர், ஊர் திரும்பியதும் எந்த ருசியும் சேர்க்காமல் ஃபிரக்டோஸ் சர்க்கரையை வெறும் தண்ணீரில் கரைத்துக் குடித்துப் பார்த்தார், பிறகு எண்ணெய்க்கு வந்தார். எடை பதினைந்து கிலோ அளவுக்கு இறங்கியது. 2004-இல் ‘பிஹேவியரல் அண்ட் பிரெய்ன் சயின்சஸ்’ ஆய்விதழில் தன் சுய சோதனைகளைப் பற்றி எழுதினார், 2005 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் வார இதழில் இதைப் பற்றி ஒரு பத்தி வந்ததும் ஊர் முழுக்கப் பரவியது. ஷாங்ரி-லா டயட் என்று இன்றைக்கும் தேடினால் கிடைப்பது இதுதான்.

ஏன் பசி அடங்க வேண்டும்? அவருடைய விளக்கம் இப்படிப் போகிறது. ஒரு ருசியை மூளை சந்திக்கிறது, கொஞ்ச நேரத்தில் வயிற்றுக்குள் கலோரி இறங்குகிறது, இரண்டையும் மூளை முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அதே ருசி வந்தால் “வந்துவிட்டது நல்ல தீனி” என்று பசியைக் கிளப்புகிறது. இந்த முடிச்சுப் போடும் பகுதி வெறும் கற்பனை இல்லை. ஏதோ ஒரு வாசனை கலந்த தண்ணீரை எலி குடிக்கும்போது வயிற்றுக்குள் நேரடியாகச் சத்தைச் செலுத்தினால் அந்த எலிக்குப் பிறகு அந்த வாசனைதான் பிடிக்கும் என்பதை நியூயார்க் புரூக்ளின் கல்லூரியின் ஆந்தனி ஸ்கிலஃபானி போன்றவர்கள் பலமுறை காட்டியிருக்கிறார்கள். ராபர்ட்ஸ் அதற்கு மேல் ஒரு படி போனார். நம் உடம்பு ஒரு குறிப்பிட்ட எடையைக் குறிவைத்துப் பசியை ஏற்றி இறக்குகிறது. பழகிய, கலோரி நிறைந்த ருசிகள் அந்தக் குறியை மேலே தூக்குகின்றன. ருசியே இல்லாமல் வருகிற கலோரி அதைக் கீழே இறக்குகிறது என்றார். 1965-இல் நியூயார்க்கில் ஹாஷிம், வான் இட்டாலி என்ற இரண்டு மருத்துவர்கள் பொத்தானை அழுத்தினால் குழாய் வழியாகச் சப்பென்ற திரவ உணவு வரும் ஒரு கருவியை வைத்துப் பார்த்தார்கள். எடை சரியாக இருந்தவர்கள் தங்களுக்குத் தேவையான அளவு குடித்தார்கள், மிகவும் பருமனாக இருந்தவர்கள் யாரும் சொல்லாமலேயே மிகக் குறைவாகக் குடித்தார்கள். ராபர்ட்ஸின் எண்ணத்துக்கு இது ஒத்துப்போகிறது, ஆனால் இது எண்ணெய்ச் சோதனை அல்ல.

அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன், எண்ணெய் முறை எடையைக் குறைக்கும் என்று பெரிய மருத்துவ ஆய்வு எதுவும் நிரூபிக்கவில்லை. கொழுப்பு சிறுகுடலுக்குள் போனாலே வயிறு மெதுவாகக் காலியாகும், நிறைந்த உணர்வைத் தரும் ஹார்மோன்கள் சுரக்கும், அந்தச் சாதாரணக் காரணமே போதுமானதாக இருக்கலாம். தினமும் இரண்டு மணி நேரம் நொறுக்குத் தீனி நின்றுபோவதே கூடக் காரணமாக இருக்கலாம். எனக்கு எந்த விளக்கம் சரி என்பதைவிட, உங்களுக்குப் பசி குறைகிறதா என்பதுதான் முக்கியம். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ராபர்ட்ஸ் 2014 ஏப்ரலில் பெர்க்லி அருகே நடைப்பயணத்தில் சரிந்து இறந்தார், வயது 60, இதய ரத்தக்குழாய் நோய். அந்தக் காலத்தில் அவர் வேறொரு சோதனைக்காகத் தினமும் நிறைய வெண்ணெய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எது எதனால் என்று யாரும் முடிவுகட்ட முடியாது, ஆனால் தன் உடம்பில் சோதனை செய்கிற எவரும் கொழுப்பு, சர்க்கரை அளவுகளுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிட்டுத் தொடங்குவது நல்லது என்று நான் நினைக்க இது போதும்.

யார் செய்யக்கூடாது என்பதை முதலில் பார்த்துவிடலாம். பித்தப்பையில் கல் இருப்பவர்கள் தொடவே வேண்டாம், வெறும் எண்ணெய் உள்ளே போனால் பித்தப்பை சுருங்கும், வலி துடிக்க வைத்துவிடும். கணைய அழற்சி வந்தவர்கள், ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு மிக அதிகமாக இருப்பவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள், இவர்களுக்கும் இது வேண்டாம். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் ஆரம்பிக்கக்கூடாது, ஏனென்றால் பசி நிஜமாகவே குறைந்து சாப்பாடு பாதியானால் மருந்து பழைய அளவிலேயே இருக்கும், சர்க்கரை சட்டென்று தாழ்ந்துவிடும். சாப்பிட்டதும் குற்ற உணர்ச்சி வருகிறவர்கள், பட்டினி கிடந்து பிறகு அள்ளி அள்ளிச் சாப்பிடுகிறவர்கள், சாப்பிட்டதை வாந்தியெடுக்கிறவர்கள், உங்களுக்குத் தேவை பசியை அடக்கும் வித்தை அல்ல, பேசத் தெரிந்த ஒரு மருத்துவர். அப்புறம், உங்கள் எடை ஏற்கெனவே சரியாக இருந்தால் இதற்கு வேலையே இல்லை. இந்தியர்களுக்கு உடல் நிறை குறியீடு (பிஎம்ஐ, அதாவது கிலோவில் எடையை மீட்டரில் உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வரும் எண்) 23-க்கு மேல் போனால் எடை கூடுதல், 25-க்கு மேல் உடல் பருமன் என்று வைத்திருக்கிறார்கள். தொப்புள் மட்டத்தில் டேப் வைத்தால் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

சரி, எந்த எண்ணெய்? நம் ஊரில் இந்த இடத்தில்தான் பெரிய தகராறு. செக்கு எண்ணெய்தான் நல்லது, ரீஃபைண்டு விஷம் என்று வீட்டில் ஒருவராவது சொல்வார். சமையலுக்கு நீங்கள் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், இந்த வேலைக்குச் செக்கு எண்ணெய் உதவாது. செக்கு நல்லெண்ணெயை மூடி திறந்தாலே அடுத்த அறைக்கு வாசம் போகும், கடலை எண்ணெய்க்கும் அப்படித்தான், அந்த வாசம்தான் நமக்கு ஆகாதது. ரீஃபைனரியில் கடைசிக் கட்டமாக 200 டிகிரிக்கு மேல் வெப்பத்தில் நீராவியைச் செலுத்தி வாசத்தை உருவி எடுக்கிறார்களே, அப்படி எடுத்த எண்ணெய்தான் வேண்டும். ரீஃபைண்டு சூரியகாந்தி எண்ணெய், தவிட்டெண்ணெய், இரண்டும் எளிதில் கிடைப்பவை. ஆலிவ் எண்ணெய் வாங்குவதாக இருந்தால் ‘எக்ஸ்ட்ரா லைட்’ என்று போட்டது வாங்க வேண்டும், ‘எக்ஸ்ட்ரா வர்ஜின்’ வேண்டாம், அதற்குக் காரமான வாசம் உண்டு. ரேஷன் பாமாயிலில் வாசம் குறைவு என்றாலும் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு, தேங்காய் எண்ணெயில் அது இன்னும் அதிகம், அதனால் இரண்டையும் தினமும் குடிக்கச் சொல்ல மாட்டேன். விளக்கெண்ணெய் பேதிக்கு. மருந்துக்கடை லிக்விட் பாரஃபின் எண்ணெய் போலத் தெரிந்தாலும் கலோரியும் தராது, ஏ, டி, ஈ, கே வைட்டமின்களையும் உடம்பில் சேர விடாது, அதைத் தொட வேண்டாம்.

புதுப் பாக்கெட்டைத் திறந்து ஒரு கண்ணாடிச் சீசாவில் ஊற்றி, அடுப்பிலிருந்து தள்ளி, அலமாரிக்குள் இருட்டாக வையுங்கள். குடிக்கும் முன் ஒவ்வொரு முறையும் மோந்து பாருங்கள். லேசாகச் சிக்கு வாடை வந்தாலும் அது சமையலுக்கும் ஆகாது, இதற்கும் ஆகாது. வடை சுட்டு மீந்த எண்ணெயைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை.

அளவை வீட்டுக் கரண்டியை நம்பி எடுக்காதீர்கள், ஒவ்வொரு வீட்டுக் கரண்டியும் ஒரு அளவு. இருமல் மருந்தோடு வருகிற பிளாஸ்டிக் மூடியில் 5, 10, 15 மில்லி என்று கோடு போட்டிருக்கும், அதைக் கழுவிக் காயவைத்து வைத்துக்கொண்டால் போதும். ஒரு மேசைக்கரண்டி என்பது 15 மில்லி, அதில் 120 கலோரிக்கு மேல் இருக்கிறது. முதல் சில நாள் 5 மில்லியில் ஆரம்பியுங்கள், வயிறு ஒத்துக்கொண்டால் 15, தேவைப்பட்டால் 30 வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம். எடுத்தவுடனே 30 மில்லி குடித்தால் பலருக்கு வயிற்றைப் பிரட்டும், கழிவறைக்கும் ஓட வேண்டி வரும்.

இந்த எண்ணெய் கணக்கில் சேரும் என்பதை மறக்க வேண்டாம். அதிக உடலுழைப்பு இல்லாதவருக்குச் சமையல் எண்ணெய் நாளைக்கு 20 முதல் 25 கிராம் போதும் என்பது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை. நீங்கள் குடிக்கிற 30 மில்லியே அதைத் தாண்டுகிறது. ஆகவே தோசைக்கு ஊற்றுவதும் தாளிப்புக்கு ஊற்றுவதும் குறைய வேண்டும், பொரித்த அப்பளத்துக்குப் பதில் சுட்ட அப்பளம். பசி குறையாமல் எண்ணெய் மட்டும் தினமும் உள்ளே போனால் என்ன ஆகும் என்று பாருங்கள், நாளைக்கு 250 கலோரி, மாதத்துக்கு 7,500 கலோரி, கிட்டத்தட்ட ஒரு கிலோ கொழுப்பு உடம்பில் ஏறும். பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிட வேண்டும் என்று பின்னால் நான் கறாராகச் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

இப்போது அந்த இரண்டு மணி நேரம். வாயில் ருசி என்று நாம் உணர்வதில் பெரும்பகுதி மூக்கின் வேலை. சந்தேகம் இருந்தால் கொஞ்சம் சோம்பும் சர்க்கரையும் எடுத்து, மூக்கை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மெல்லுங்கள். இனிப்பு மட்டும் தெரியும், நாக்கில் ஏதோ நொறுங்குவது தெரியும், அவ்வளவுதான். விரலை எடுத்த அந்த நொடியில் சோம்பின் வாசம் தொண்டைக்குப் பின்பக்கமாக ஏறி வாய் முழுக்க நிறையும். அப்படி ஏறி வருகிற எதுவுமே அந்த இரண்டு மணி நேரத்தில் இருக்கக்கூடாது. சாப்பாடு, காபி, டீ, மோர் மட்டுமல்ல. பற்பசை, மவுத்வாஷ், ஏலக்காய், வெற்றிலை பாக்கு, இருமல் மிட்டாய், சூயிங்கம், சிகரெட், எலுமிச்சை பிழிந்த தண்ணீர், சீரகத் தண்ணீர், துளசி போட்ட செம்புத் தண்ணீர் எல்லாமே ருசிதான். ‘வெறும் சீரகத் தண்ணீர்தானே’ என்று ஒரு டம்ளர் குடித்தால் எண்ணெயின் கலோரியும் சீரக வாசமும் ஒன்றாக உள்ளே போய்விடும், நீங்கள் தவிர்க்க நினைத்த முடிச்சு அங்கேயே விழுந்துவிடும். பச்சைத் தண்ணீரோ வெந்நீரோ எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம்.

நம் வீட்டு நேரத்தில் இந்த இடைவெளியைக் கண்டுபிடிப்பது கஷ்டம்தான், காலை ஆறு மணிக் காபியில் தொடங்கி இரவு பால் வரை நமக்கு வாய் ஓய்வதே இல்லை. எனக்குத் தெரிந்து மிக எளிதானது மதியம். ஒன்றரை மணிக்குச் சாப்பிட்டு முடிக்கிறீர்கள் என்றால் உடனே வாயை நன்றாகக் கொப்பளித்து, பல்லிடுக்கில் இருப்பதை எடுத்துவிட்டு, இரண்டே முக்காலுக்கு எண்ணெய் குடியுங்கள், நான்கு மணிக்கு டீ. அலுவலகத்தில் இருப்பவர்களுக்கும் இது ஒத்துவரும், ஒரு சின்னச் சீசாவும் அந்த மருந்து மூடியும் மேசை டிராயரில் இருந்தால் போதும், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. மூன்றரை மணிக்கு யாராவது பிறந்தநாள் கேக் நீட்டுவார்கள், வாங்கி வைத்துக்கொண்டு நான்கு மணிக்கு டீயோடு சாப்பிடுங்கள், மறுக்க வேண்டாம்.

காலையில்தான் வசதி என்பவர்கள் எழுந்தவுடன், பல் துலக்குவதற்கு முன்பே வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு எண்ணெயைக் குடித்துவிடலாம், இரவு முழுக்க வாயில் எதுவும் படவில்லை என்பதால் முன் ஒரு மணி நேரம் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு மணி நேரம் கழித்துப் பல் துலக்கி, காபி. காபி ஒரு மணி நேரம் தள்ளிப்போவதைத் தாங்க முடியாதவர்கள் காலையை விட்டுவிடுங்கள், தலைவலியோடு ஆரம்பிக்கிற எந்தப் பழக்கமும் நிலைக்காது. தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில் போடுகிறவர்கள் கட்டாயம் மதியத்துக்குப் போய்விடுங்கள், மாத்திரை நேரத்தில் எண்ணெய் குறுக்கே வர வேண்டாம். இரவு சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கிறவர்களும் உண்டு, குடித்தவுடன் படுக்கக்கூடாது, நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அது சரிவராது.

குடிக்கும் விதம் பெரிய விஷயம் இல்லை. உட்கார்ந்தோ நின்றோ, அவசரமில்லாமல், ஒரு வாய் தண்ணீர், எண்ணெய், மறுபடி இளஞ்சூடான தண்ணீர். படுத்துக்கொண்டோ பேசிச் சிரித்துக்கொண்டோ குடிக்க வேண்டாம், எண்ணெய் புரையேறி மூச்சுக்குழாயில் போவது ஆபத்து. வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பும் பழக்கம் உள்ளவர்கள் இதை அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது விழுங்குவதற்கு. உதட்டில் பிசுபிசுப்பு ஒட்டினால் துணியால் துடையுங்கள், வாசனை டிஷ்யூ வேண்டாம்.

ரீஃபைண்டு எண்ணெய் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது என்று உறுதியாக இருப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. நீச்சல் சாமான் கடையில் மூக்கு கிளிப் கிடைக்கும். அதை மாட்டிக்கொண்டு செக்கு எண்ணெயை விழுங்கி, கிளிப்பை எடுக்காமலேயே இரண்டு மூன்று முறை தண்ணீரில் கொப்பளித்து விழுங்கிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து எடுங்கள். கிளிப்பை எடுத்ததும் வாசம் அடித்தால் இன்னும் கொப்பளிக்க வேண்டும் என்று அர்த்தம். மூக்கை மூடிக்கொண்டு எண்ணெய்க்குப் பதிலாக வேறு உணவையே சாப்பிடுவதையும் ராபர்ட்ஸ் வழியில் போனவர்கள் செய்து பார்த்தார்கள், ஒரு வேகவைத்த முட்டை, கொஞ்சம் வெறும் சோறு என்று. எண்ணெய் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது பரவாயில்லை, ஆனால் மூக்கை மூடிக்கொண்டு மெல்லும்போது வாயால்தான் மூச்சு விட வேண்டும், புரையேறும், சின்னச் சின்ன வாயாக நிதானமாகச் சாப்பிட வேண்டும்.

சர்க்கரைத் தண்ணீர் முறையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நம் குடும்பங்களில் சர்க்கரை நோய் இல்லாத குடும்பத்தைத் தேட வேண்டியிருக்கிறது, தினமும் வெறும் வயிற்றில் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பல்லுக்கும் கேடு. நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் போட்டால் நல்லது என்று யாராவது சொன்னால் அவற்றுக்கெல்லாம் தனி வாசம் உண்டு, அவை இந்த முறைக்கே பொருந்தாது.

என்ன எதிர்பார்க்கலாம்? பசி மொத்தமாக அடங்கிவிடாது, அடங்கவும் கூடாது. பலிக்கிறவர்களுக்கு முதலில் தெரிவது சாப்பாட்டைப் பற்றிய நினைப்பு குறைவதுதான். பதினொரு மணிக்குக் கால் தானாக டீக்கடைப் பக்கம் போகும் இல்லையா, அது நின்றுபோகும், பன்னிரண்டரைக்குத்தான் ‘அட, இன்றைக்கு டீ குடிக்கவில்லையே’ என்று ஞாபகம் வரும். இரண்டாவது தோசையில் பாதி போனதும் கை நிற்கும். சிலருக்கு இது ஓரிரு நாளிலேயே தெரிகிறது, சிலருக்கு இரண்டு வாரம் ஆகிறது, சிலருக்குத் தெரிவதே இல்லை.

கை நின்ற அந்த இடத்தில் தட்டை வைத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். சொல்ல எளிது. மிச்சம் வைக்கக்கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட ஆட்கள் நாம், பசி போன பிறகும் தட்டு காலியாகும் வரை கை தானாக வேலை செய்யும், அப்படிச் செய்தால் எண்ணெய் குடித்து ஒரு பிரயோஜனமும் இல்லை. அதனால் முதலில் போட்டுக்கொள்வதையே குறையுங்கள். வழக்கமாக மூன்று கரண்டிச் சோறு என்றால் இரண்டு போட்டுக்கொண்டு உட்காருங்கள், வேண்டுமென்றால் மூன்றாவதை எழுந்து போய்த்தான் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பரிமாறுகிற அம்மாவிடமோ மனைவியிடமோ முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, “இன்னும் மூணு வாரத்துக்கு நான் கேட்டா மட்டும் போடும்மா, உடம்புக்கு ஒண்ணும் இல்ல” என்று. சொல்லாமல் திடீரென்று பாதித் தட்டில் எழுந்தால் சாப்பாடு பிடிக்கவில்லையோ, உடம்பு சரியில்லையோ என்று அவர்களுக்குக் கவலை, அந்தக் கவலையைப் பார்த்து நீங்கள் இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்வீர்கள். வடிக்கிற அரிசியையும் குறைத்துப் போடச் சொல்லுங்கள், மீந்தால் யாரோ ஒருவர் தலையில்தான் விழும்.

குறைவாகச் சாப்பிடும்போது எதை முதலில் சாப்பிடுகிறோம் என்பது முக்கியம். ரசத்துக்கும் சோற்றுக்கும் வயிறு நிறைந்துவிட்டால் பருப்பு, முட்டை, மீன், தயிர், சுண்டல் எல்லாம் தட்டிலேயே தங்கிவிடும், பிறகு கொழுப்போடு தசையும் கரையும். காய்கறியையும் புரதத்தையும் முதலில் முடித்துவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள். இதோடு சேர்த்து விரதம், ஒருவேளைச் சாப்பாடு என்று எதையும் அடுக்க வேண்டாம். தலைசுற்றல், மயக்கம், அளவுக்கு மீறிய சோர்வு வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். வலது விலாவுக்குக் கீழே வலி எடுத்தால் அன்றைக்கே நிறுத்த வேண்டும்.

ராபர்ட்ஸ் சொன்ன இன்னொன்றும் என்னை யோசிக்க வைத்தது. எப்போது சாப்பிட்டாலும் அச்சு மாறாமல் ஒரே ருசியில் இருக்கிற பாக்கெட் தின்பண்டங்கள்தான் மூளையில் மிக வலுவான முடிச்சைப் போடுகின்றன என்றார். வீட்டு வத்தக்குழம்பு இன்றைக்கு ஒரு மாதிரி, அடுத்த வாரம் ஒரு மாதிரி. புளி மாறும், பொடி மாறும், கை மாறும். சிப்ஸ் பாக்கெட்டும் கிரீம் பிஸ்கட்டும் குளிர்பானமும் அப்படி மாறுவதே இல்லை. இது எந்த அளவுக்கு உண்மையோ, அந்த மூன்றையும் இந்த மூன்று வாரத்துக்கு வீட்டில் வாங்கி வைக்காமல் இருப்பதில் நஷ்டம் ஒன்றும் கிடையாது.

எடையைத் தினமும் காலையில் கழிவறை போய் வந்த பிறகு, சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில் பாருங்கள், எழுதி வையுங்கள், ஆனால் தினசரி எண்ணைப் பார்த்து மகிழவும் வேண்டாம், வருந்தவும் வேண்டாம். ஊறுகாயும் கருவாடும் சாப்பிட்ட மறுநாள் உப்பு பிடித்து வைத்த தண்ணீரே ஒரு கிலோ வரை காட்டும், பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் ஏறும். வாரச் சராசரியை அடுத்த வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். கூடவே ஒரு வரி, இன்றைக்கு நாலு மணிக்குப் பசி எப்படி இருந்தது, இல்லவே இல்லை, கொஞ்சம், வழக்கம்போல, அதிகம், என்று. ஆரம்பிப்பதற்கு முந்தைய ஒரு வாரமும் இதே குறிப்பை எடுத்திருந்தால்தான் பிறகு ஒப்பிட ஏதாவது இருக்கும், எண்ணெய் வாங்குவதற்கு முன்பே நோட்டை ஆரம்பித்துவிடுங்கள்.

மூன்று வாரம் முடிந்ததும் நோட்டைப் பாருங்கள். பசி வரியில் மாற்றம் இல்லை, எடையிலும் இல்லை என்றால் முதலில் இடைவெளியைச் சரிபாருங்கள், மதியம் வெற்றிலை போட்டீர்களா, எண்ணெய் குடித்த அரை மணியில் மீட்டிங்கில் வந்த காபியை வாங்கினீர்களா என்று. இடைவெளி சுத்தமாக இருந்தும் மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள், அளவை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள், உங்கள் உடம்புக்கு இது இல்லை. பசி குறைந்திருக்கிறது, எடை மட்டும் இறங்கவில்லை என்றால் கை பழைய அளவிலேயே போட்டுக்கொள்கிறது, கரண்டியைக் கவனியுங்கள். இரண்டும் குறைந்திருந்தால் அதே அளவில் தொடருங்கள், மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை ரத்தத்தில் கொழுப்பைப் பார்த்துவிடுங்கள். வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினாலே அருமை, அதற்கு மேல் வேகம் தேவையில்லை.

நிறுத்தினால் பசி பழையபடி வரும் என்று ராபர்ட்ஸே சொன்னார். ஆகவே போதும் என்ற எடைக்கு வந்ததும் ஒரேயடியாக விடாமல் 30 மில்லியை 15 ஆக்குங்கள், சில வாரம் பார்த்துவிட்டு 5 ஆக்குங்கள், எடை எங்கே ஏறத் தொடங்குகிறதோ அதற்கு ஒரு படி மேலே நில்லுங்கள். கல்யாண வீட்டு நாட்கள், ஊர்த் திருவிழா, தீபாவளி வாரம், இந்த நாட்களில் இரண்டு மணி நேர இடைவெளி கிடைக்காவிட்டால் எண்ணெயைக் குடிக்காதீர்கள், ஜாங்கிரிக்கும் ஜாங்கிரிக்கும் நடுவே குடித்த எண்ணெய் வெறும் கூடுதல் கலோரிதான். இரவு ரயிலில் போகும்போது மட்டும் ஒரு சௌகரியம், எழுந்ததும் வாய் கொப்பளித்துவிட்டுக் குடித்தால் இறங்கி வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். சீசாவை இரண்டு பாலிதீன் பைக்குள் இறுக்கிக் கட்டி, துணி வைக்கிற பையில் இல்லாமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.